ஒரு டிக், இரண்டு நாடுகள்

டிராவல் ஏஜென்ட் வேலை என்பது வேறொன்றுமில்லை: நாம் பார்க்காத ஊருக்கு, நாம் ஏறாத விமானத்தில் ஆட்களை அனுப்பிவிட்டு, அவர்கள் வீடு வந்து சேரும்வரை போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவர்களாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொள்வது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "மேடம், விண்டோ சீட் கேட்டேனே" என்று திட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு சாவிக் கடைக்கும் நடுவில் இருந்த டிராவல் ஏஜென்சியில் ஒன்பது வருஷம் டிக்கெட் போட்டேன். நான் சேர்ந்த காலம், உலகத்தில் நாடுகள் பிரிந்துகொண்டே இருந்த காலம். பேப்பர்காரர்களுக்கு அது செய்தி. எங்களுக்கு அது வேலை.

சுவரில் தொங்கிய நாடு

எங்கள் முதலாளி நூர்தீன் பாய், கீழக்கரைக்காரர். ஆபீஸ் திறந்த அன்று வாங்கிய பெரிய உலக வரைபடம் ஒன்றை அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அதில் சோவியத் யூனியன் ஒரு முழம் அகலத்துக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். அது உடைந்து ஒரு மாதம் கழித்தும் வரைபடம் அப்படியே இருந்தது. வருகிற கஸ்டமர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊருக்கு அனுப்புகிறவளுக்கே ஊர் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு மானம் போயிற்று. புது வரைபடம் வாங்கலாம் என்று பாயிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவசரப்படாதீங்க கோமதிம்மா. பிரியறவங்க எல்லாம் பிரிஞ்சு முடிக்கட்டும். மொத்தமா ஒரே மேப்பா வாங்கிக்கலாம்."

எஸ்டோனியா அம்மாள்

எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். இளம் வயதில் எஸ்டோனியாவிலிருந்து தப்பி வந்தவராம். நாடு சோவியத்திலிருந்து விடுபட்டுவிட்டது, தங்கையைப் பார்க்கப் போகவேண்டும், தாலினுக்கு ஒரு டிக்கெட் என்றார். போட்டேன். எங்கள் பிரிண்டர் கரகரவென்று சிவப்புக் கார்பன் டிக்கெட்டைத் துப்பியது. கூடவே பயண விவரத் தாளும் வந்தது. அதில் தாலினுக்குப் பக்கத்தில் பழைய நாட்டின் பெயரே அச்சாகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு இன்னும் சேதி போகவில்லை.

அம்மாள் தாளைக் கையில் வாங்கவே இல்லை. மேஜைமேல் வைத்தபடியே விரலால் என் பக்கம் தள்ளினார். "பேனாவால் அடித்துத் தரட்டுமா" என்று கேட்டேன். "டிக்கெட் செல்லும், தாளில் எழுதியிருப்பது வெறும் எழுத்துதான்" என்று சமாதானம் சொன்னேன். இரண்டுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கடைசியில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். உள்ளே கோபம்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "ஐம்பது வருஷம் காத்திருந்தேன், இன்னும் கொஞ்சநாள் காத்திருக்க மாட்டேனா? உன் மெஷின் கற்றுக்கொண்டதும் எனக்கு போன் பண்ணு."

யோசெப்பின் மாமியார்

பக்கத்துச் சாவிக் கடைக்காரர் யோசெப், ஸ்லோவாகியர். காலையில் ஒரு காபியோடு எங்கள் ஆபீசுக்குள் வந்துவிடுவார். 1992 கடைசியில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். செக்கோஸ்லோவாகியா ஜனவரி ஒன்றாம் தேதி இரண்டாகிறது, சின்னப் பங்கான ஸ்லோவாகியா தனி நாடாகிறது. யுத்தம் இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, ரயில் பெட்டி உனக்கு எத்தனை எனக்கு எத்தனை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னை எச்சரித்தார். "ஜனவரிக்கு மேல் அந்தப் பக்கம் யாரையாவது அனுப்பினால் பார்த்து அனுப்பு, நடுவில் ஒரு எல்லை வருகிறது" என்றார். அதெல்லாம் கான்சுலேட் பார்த்துக்கொள்ளும் என்றேன். எனக்கு அன்று முப்பது டிக்கெட் பாக்கி. அவருடைய மனைவி செக் பெண் என்று தெரியும். அதனால் பேச்சை மாற்ற, பிரிவதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷமா என்று கேட்டேன். யோசெப் யோசிக்காமல் பதில் சொன்னார்: "எனக்கு என் நாடு கிடைக்கிறது. என் மாமியார் வெளிநாட்டுக்குப் போகிறாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?"

கையெழுத்து மட்டும்

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பி.எச்டி. முடித்திருப்பார்கள், பேடன்ட் வாங்கியிருப்பார்கள். விசா ஃபார்மை நீட்டினால் மட்டும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். மீதி எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். அப்பா பெயர், பிறந்த ஊர், போகிற காரணம், எத்தனை முறை நுழைவீர்கள் என்பது உட்பட. யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கும் அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

ராகவன் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். மாத்திரைக்கு மேல் பூச்சுப் போடும் மெஷின் ஒன்றைப் பிராட்டிஸ்லாவாவில் ஒரு ஃபாக்டரியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஃபாக்டரிக்கு விடுமுறை வருகிற கிறிஸ்துமஸ், புதுவருஷ வாரத்தில்தான் மெஷின் சும்மா இருக்கும். அதனால் டிசம்பர் கடைசியில் ப்ராக் நகரத்தில் இறங்கி, ரயிலில் பிராட்டிஸ்லாவா போய், ஜனவரி ஏழாம் தேதி அதே வழியாகத் திரும்பவேண்டும். திரும்பியே ஆகவேண்டும். பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை நுவர்க் குடிவரவு ஆபீசில் அவருக்கும் மனைவி உஷாவுக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூ. நாலு வருஷம் காத்துக் கிடந்த இன்டர்வியூ. அவருடைய ஹெச்-1 விசாவின் ஆயுளும் அந்த வருஷத்தோடு சரி. இன்டர்வியூவைத் தவறவிட்டால் ஃபைல் எந்த மூலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போது வெளியே போய்வருவதற்கான பரோல் கடிதம்கூடக் கையில் தயார்.

செக்கோஸ்லோவாகியா விசா ஃபார்மை நீட்டினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், கையெழுத்துப் போட்டார், எழுந்தார். எத்தனை முறை நுழைவீர்கள் என்ற இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது. 'ஒரு முறை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஒரே நாடு, ஒரே பயணம், இரண்டு முறை எதற்கு? ஒருமுறை என்றால் பாஸ்போர்ட்டும் சீக்கிரம் திரும்பி வரும். யோசெப் சொன்னது காதில் விழுந்திருந்தது. கைக்கு எட்டவில்லை. வாசல் வரை போன ராகவன் திரும்பிச் சொன்னார்: "நீங்களே பாத்துப் போட்டுடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

எல்லை வந்த கதை

ஜனவரி ஏழாம் தேதி, வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு, எங்கள் செலவில் ஒரு கலெக்ட் கால். ராகவன் குரல். ப்ராக்கில் ஹோட்டலில் இருக்கவேண்டியவர், பிராட்டிஸ்லாவா ரயில்வே ஸ்டேஷனில் நின்று பேசினார். காலையில் ரயில் ஏறியிருக்கிறார். வழியில் ஒரு ஸ்டேஷனில் செக் அதிகாரி ஏறிப் பாஸ்போர்ட்டைப் பார்த்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினாராம். "உங்களுக்கு எங்கள் நாட்டுக்குள் ஒருமுறை வர அனுமதி இருந்தது. டிசம்பரில் வந்துவிட்டீர்கள். இப்போது வெளியே இருக்கிறீர்கள். மறுபடி உள்ளே வர வேறு விசா வேண்டும்" என்று சொல்லி, பெட்டியை இறக்கிக் கொடுத்து, எதிர் ரயிலில் ஏற்றிவிட்டார்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டேன். வேறு வழி தேடினேன். வியன்னா ஒரு மணி நேரத் தூரம், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரியா விசா வேண்டும். ஹங்கேரி வழியாகப் போகலாம், அதற்கும் விசா. பிராட்டிஸ்லாவாவிலிருந்து அந்த வாரம் என் கம்ப்யூட்டரில் உருப்படியாக ஒரு விமானமும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு, கதவுக்கு ஒரு முத்திரை. விசா விதிகள் புத்தகத்தைப் புரட்டினேன். அது டிசம்பர் மாதப் பதிப்பு. அதில் இன்னும் ஒரே நாடுதான் இருந்தது.

"எப்படி சார் வெளியே போனீங்க?" என்று அவரையே குற்றம் சொல்கிற மாதிரி கேட்டுவிட்டேன். அவர் பாவம், கோபப்படக்கூட இல்லை. "நான் எங்கேயும் போகலை மேடம். அதே ஹோட்டல்ல, அதே ரூம்ல, அதே பெட்ல படுத்துத் தூங்கிட்டு இருந்தேன். நாடுதான் எழுந்து போயிடுச்சு."

பல் டாக்டரின் கேள்வி

உஷா மத்தியானமே ஆபீசுக்கு வந்துவிட்டாள். கவுன்டருக்கு எதிரில் இருந்த நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் இது: "நாடு பிரிஞ்சுடுச்சும்மா, அதனால வந்த வினை." பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. டிக் போட்ட கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

யோசெப் வந்தார். எந்த இடத்தில் எல்லை விழுந்திருக்கிறது என்று காட்டுவதற்காக, பாயின் வரைபடத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். பாய் "என் மேப்பு!" என்று எழுந்தே விட்டார். பிராட்டிஸ்லாவாவில் செக் நாட்டுக்காரர்கள் புதிதாக ஒரு விசா அலுவலகம் திறந்திருப்பதாகக் கேள்வி, தன் அத்தை மகன் மிலன் அங்கே கார் ஓட்டுகிறான், காலையில் அவன் ராகவனைக் கூட்டிப்போவான் என்றார் யோசெப். என் போனிலேயே மிலனுக்குப் பேசி முடித்தார்.

அப்போது லண்டன் டிக்கெட்டுக்காக உள்ளே வந்தவர் ஒரு பல் டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பழைய கஸ்டமர். நடந்ததைக் கேட்டார். மற்றவர்கள் மாதிரி "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. பழைய பாஸ்போர்ட் எதுவரை செல்லும், அந்தப் பக்கம் வேலை செய்தவனுடைய பென்ஷன் யார் பொறுப்பு என்று யோசெப்பிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். யோசெப்புக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. டாக்டர் அந்தப் பேனாக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கொடியும் பாட்டும் பேப்பரில வரும் தங்கச்சி. பேர்த் சர்டிபிகேட் எல்லாம் ஆரிட்ட இருக்கெண்டுதான் ஒருத்தரும் எழுதுறேல்ல."

ஃபேக்ஸ் மெஷின்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆபீசைத் திறந்தேன். அங்கே அப்போது மத்தியானம் ஒரு மணி. உஷா எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தாள். ஏழேகாலுக்கு ராகவன் அந்த விசா அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டார். மிலன் கூடவே இருந்தான். அலுவலகத்தில் பாதிச் சாமான் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறதாம். ஒரு மேஜை, ஒரு அதிகாரி, நாற்காலி வரவில்லை, நின்றபடியே வேலை பார்க்கிறார். அவருக்கு மூன்று காகிதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ப்ராக்கிலிருந்து நியூயார்க்குக்கு உறுதியான டிக்கெட், அதை ஏற்பாடு செய்தது நாங்கள்தான் என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம், முதலில் கொடுத்த விசா விண்ணப்பத்தின் நகல். நாலு மணிக்குள் வரவேண்டும், சனி ஞாயிறு விடுமுறை. அங்கே நிரப்பவேண்டிய புது ஃபார்மைப் பற்றிக் கேட்டேன். ராகவன் உடனே சொன்னார், அதை அவரே நிரப்பிவிட்டாராம், இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டாராம்.

டிக்கெட்டை மாற்றினேன். கடிதத்தை டைப் செய்தேன். ஃபேக்ஸ் லைன் கிடைப்பேனா என்றது. நான் நம்பரை மறுபடி மறுபடி அடிக்க, உஷா மெஷின் பக்கத்தில் நின்று காகிதங்களைக் கையில் பிடித்திருந்தாள். எட்டு மணிக்கு மேல்தான் லைன் கிடைத்தது. ஒவ்வொரு பக்கமாக அவள்தான் உள்ளே விட்டாள். விண்ணப்ப நகலின் இரண்டாம் பக்கத்தை விடும்போது ஒரு நொடி நிறுத்தினாள் என்று எனக்குத் தோன்றியது. மெஷின் மக்கர் செய்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

ஒன்பதரைக்கு ராகவன் கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்துவிட்டது. நாற்காலி இல்லாத அந்த அதிகாரி விசா கொடுத்துவிட்டார். முத்திரை மட்டும் குத்தவில்லை. பாஸ்போர்ட்டில் பேனாவால் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லையில் இது செல்லுமா என்று ராகவன் பயந்து கேட்டதற்கு அந்த மனிதர் சொன்னாராம்: "புது முத்திரை இன்னும் வரவில்லை. ஆனால் நாடு வந்துவிட்டது. அவர்களும் என் கையெழுத்தைப் பழகிக்கொள்ளட்டும்."

செவ்வாய்க்கிழமை

சனிக்கிழமை ரயில், எல்லை தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை விமானம், மூன்று மணி நேரம் லேட். அன்று சாயங்காலம் உஷா போன் பண்ணி "வந்துட்டார்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றைக்குச் சமையல் தயிர்சாதம்.

செவ்வாய்க்கிழமை நுவர்க்கில் நடந்ததை ராகவனே போனில் சொன்னார். இன்டர்வியூ அதிகாரி பாஸ்போர்ட்டை வெகுநேரம் புரட்டியிருக்கிறார். உள்ளே போன முத்திரை ஒரு நாட்டுடையது. பேனாவால் எழுதிய விசா இன்னொரு நாட்டுடையது. இந்தப் பயணத்தில் எத்தனை நாடுகளுக்குப் போனீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பொய் சொல்லமுடியுமா? ராகவன் உள்ளதைச் சொன்னார்: "சார், போகும்போது ஒண்ணு, வரும்போது ரெண்டு."

உஷா

அந்த வாரமே சனிக்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். பாஸ்போர்ட்டில் கிரீன் கார்டு முத்திரை விழுந்திருந்தது. ஏழு வருஷம் கழித்து ஊருக்குப் போகிறார்கள், சென்னைக்கு டிக்கெட் வேண்டும். பாய் பக்கத்துக் கடையிலிருந்து லட்டு வாங்கிவரச் சொன்னார். யோசெப் ஒரு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ராகவன் எல்லாரிடமும் அந்த "நாடு எழுந்து போயிடுச்சு" கதையை மறுபடி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றி சொல்லிக் கை கூப்பினார். அந்தக் கையைப் பார்க்க எனக்குக் கூசியது. ஒன்பது நாளாக நான் எல்லாரிடமும் ஸ்லோவாகியாவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அது பிறந்து பதினைந்தே நாள் ஆன நாடு.

ராகவனும் யோசெப்பும் வரைபடத்தின் பக்கம் போனதும், உஷா மட்டும் கவுன்டரில் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உஷா, அந்த ஃபார்ம்ல..." என்று ஆரம்பித்ததுமே அவள் கையமர்த்தினாள். ஒரு லட்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த டிக் உங்க கையெழுத்துன்னு ஃபேக்ஸ் மெஷின்கிட்டயே பாத்துட்டேன்க்கா. அப்ப உங்களோட சண்டை போட்டிருந்தா, அவரை யாரு கூட்டிட்டு வந்திருப்பாங்க? எட்டு நாளா வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப வந்துட்டார். இந்த லட்டைச் சாப்பிட்டு முடிங்க, அப்புறம் சண்டை போடறேன்."

போட்டாள், நன்றாகவே போட்டாள். அன்றிலிருந்து எந்த நாடு எதோடு சேர்ந்தாலும் சரி, எதிலிருந்து பிரிந்தாலும் சரி, ஃபார்மைக் கஸ்டமர் பக்கமே திருப்பி வைத்து, பேனாவையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.